செவ்வாய்க்கிழமை நோட்டு

செவ்வாய்க்கிழமைதோறும் காலை பத்து மணிக்குக் கல்லூரி சர்வர் அறையைத் திறந்து, ஒரு நீள நோட்டை மேசைமேல் விரித்து வைத்துவிட்டு, லினக்ஸ் மெஷினுக்கு அப்டேட் போடுகிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "சார் ரொம்ப சிஸ்டமேட்டிக்" என்கிறார்கள். போன வருடம் ஆசிரியர் தின விழாவில் பிரின்சிபால் இதை மேடையிலேயே சொன்னார். ஒரு சால்வையும் போட்டார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் பீரோவின் அடித்தட்டில் திணித்து வைத்தேன். வெளியே தெரிந்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. ஏனென்றால் அந்த நோட்டு என்னுடையது இல்லை. செவ்வாய்க்கிழமை என்ற ஏற்பாடும் என்னுடையது இல்லை. இரண்டையும் ஆரம்பித்தவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டு, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் சால்வை வாங்கியிருக்கிறேன்.

கல்லூரி இருப்பது நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே, புளியமரங்களுக்கு நடுவே. தனியார் கலைக் கல்லூரி. காகிதத்தில் நான் லேப் அசிஸ்டன்ட். புரொஜெக்டர் எரியவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், ஆபீஸ் பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான், பிரின்சிபால் வீட்டு அம்மாவுக்குச் செல்போனில் படம் அனுப்பத் தெரியவில்லை என்றாலும் என்னைத்தான். நூலகத்துக்குப் பின்னால், ஒரு காலத்தில் வாலிபால் வலையும் பந்தும் போட்டு வைத்திருந்த சின்ன அறையில் சர்வர் ஓடுகிறது. மாணவர்களின் வருகைப்பதிவு, உள்தேர்வு மதிப்பெண் எல்லாம் அதற்குள்தான். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் முகப்பில் வருடக்கணக்காகக் காய்ந்து ஒட்டியிருக்கும். துடைத்தால் தாளாளருக்குக் கோபம் வரும்.

லினக்ஸில் மென்பொருள் எல்லாம் தனித்தனிப் பொட்டலங்களாக வரும். பேக்கேஜ் என்பார்கள். டேட்டாபேஸ் ஒரு பேக்கேஜ், இணையப் பக்கத்தைக் காட்டுவது இன்னொன்று, இவை ஒன்றோடொன்று பேசுவதற்குத் துணையாக நாலைந்து. ஒவ்வொன்றிலும் அவ்வப்போது ஓட்டை கண்டுபிடிப்பார்கள், அடைத்துப் புதிதாக அனுப்புவார்கள். நாம் வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு கட்டளை, ஒரு "ஆம்". அவ்வளவுதான் வேலை. ஆனால் ஒன்றுக்குத் துணை வேண்டியது இன்னொன்று என்பதால், ஒன்றைப் புதிதாக்கி மற்றதைப் பழையதாக விட்டால் வம்பு.

அந்த வம்பு எனக்கு ஒருமுறை வந்தது. மதிப்பெண் பதிவதற்கு எங்களிடம் இருந்தது, பழைய ஆசிரியர் ஒருவர் எப்போதோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போன புரோகிராம். ஒருநாள் விளையாட்டாக அப்டேட் போட்டேன். மறுநாள் மதிப்பெண் பக்கம் வெள்ளையாக நின்றது. சரிசெய்ய நாலு மணி நேரம் ஆயிற்று. அந்த நாலு மணி நேரமும் பிரின்சிபால் என்னைப் பணியாளர் அறைக்கு நடுவில் நிற்க வைத்துத்தான் பேசினார்.

"ஓடிட்டிருந்ததுதானே? யாரு உங்கள அதத் தொடச் சொன்னது? சும்மா இருக்கத் தெரியாதா உங்களுக்கு?"

சும்மா இருக்கக் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு மூன்று வருடம் அந்த மெஷினில் ஒரு பேக்கேஜைக்கூட நான் தொடவில்லை. திரையில் இத்தனை அப்டேட் காத்திருக்கிறது என்று ஒரு எண் வரும். மாதாமாதம் அது ஏறும். நான் பார்வையைத் திருப்பிக்கொள்வேன். யாரும் திட்டவில்லை. யாரும் திட்டாத நாள் நல்ல நாள் என்று நினைக்கிற அளவுக்கு ஒரு மனிதன் இறங்க முடியும் என்பதை அந்த மூன்று வருடத்தில் தெரிந்துகொண்டேன்.

கொரோனா முடிந்து கல்லூரி திறந்த பிறகு, நோட்டை ஆரம்பித்த அவர் வந்து சேர்ந்தார். பொம்மிடிக்காரர். அவருடைய அப்பா அங்கே பஞ்சு மெத்தை தைக்கும் கடை வைத்திருந்தவர். வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அம்மா முன்பே இல்லை. பெங்களூரில் ஒரு கம்பெனியில் நூற்றுக்கணக்கான சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அப்பாவைத் தூக்கி உட்காரவைக்க ஆள் இல்லை என்று வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்திருந்தார். அவருக்குத் தெரிந்த வேலையை அவர் செய்யக்கூடிய இடம், மாலை ஆறரைக்குள் வீடு திரும்பக்கூடிய தூரத்தில், எங்கள் கல்லூரி ஒன்றுதான். நானே விசாரித்துப் பார்த்திருக்கிறேன், வேறு கிடையாது. இது எனக்கு முதல் வாரத்திலிருந்தே தெரியும். பின்னால் தெரிந்துகொண்டேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

என்னை "சார்" என்பார். நான் "மேடம்" என்பேன். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். வந்த இரண்டாம் நாள் சர்வர் திரையில் அந்த எண்ணைப் பார்த்தார்.

"என்னங்க சார் இது, இத்தன நாளு யாருமே தொடலீங்களா?"

"ஓடுதுங்களே மேடம்."

"ஓடுதுங்க. பூட்டில்லாத கதவு கூட நிக்குது. அதுக்காக வூட்ட அப்பிடியே போட்டுட்டுப் போவமா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவருக்கு அது நிஜமாகவே புரியவில்லை. அடுத்த வாரமே ஒரு பழைய டெஸ்க்டாப்பைத் தட்டிக்கொட்டி எழுப்பி, சர்வரில் இருப்பதையெல்லாம் அதில் அப்படியே ஏற்றி, எந்த அப்டேட்டாக இருந்தாலும் முதலில் அங்கே போட்டுப் பார்த்தார். இரண்டு நாள் ஓடினால்தான் சர்வருக்கு வரும். பழைய மதிப்பெண் புரோகிராமைத் திறந்து, புதியவற்றோடு ஒத்துப்போகும்படி வரிவரியாகத் திருத்தினார். அப்புறம்தான் இந்த நோட்டு. தேதி, பேக்கேஜ், பழைய எண், புதிய எண், என்ன செய்தது, யார் செய்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஆறு கட்டம். செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி.

"செவ்வாக்கெழம நல்ல காரியம் ஆரம்பிக்க மாட்டாங்களே மேடம்" என்று கிண்டல் செய்தேன்.

"அதனாலதாங்க சார் அன்னிக்கு யாரும் புதுசா எதும் கேட்டுட்டு வர மாட்டாங்க. நிம்மதியா பாக்கலாம்" என்றார். அது உண்மையும்கூட. எங்கள் ஆபீஸில் செவ்வாய்க்கிழமை ஒரு கவரைக்கூடப் பிரிக்க மாட்டார்கள்.

பாஸ்வேர்டு விஷயத்தில்தான் இருவருக்கும் இழுபறி. லினக்ஸில் எல்லா அதிகாரமும் உள்ள ஒரு கணக்கு உண்டு, ரூட் என்று பெயர். எங்கள் கல்லூரியில் எல்லோரும் அந்த ஒரே பெயரில்தான் உள்ளே போவோம். பாஸ்வேர்டை மாதக் காலண்டரின் பின்பக்க அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி வைத்திருந்தோம். காலண்டர் மாறினால் எழுத்தும் புதிய அட்டைக்கு மாறும். மின்சாரம் பார்க்க வந்தவர்கூட அதைப் படித்திருப்பார். மேடம் வந்ததும் எனக்கொரு கணக்கு, தனக்கொரு கணக்கு என்று தனித்தனியாகப் போட்டார். அப்டேட் போடும்போது அவரவர் பெயரில் போனால், எந்தப் பேக்கேஜ், எந்த நேரம், யார் கேட்டது என்று மெஷினே ஒரு பதிவேட்டில் எழுதிக்கொள்ளும்.

"யாரு செஞ்சதுன்னு தெரியணுங்க சார். திட்டறதுக்கில்ல. என்ன ஆச்சுன்னு கேக்கறதுக்கு ஆளு வேணுமில்லீங்களா?"

நான் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, பழையபடி காலண்டரைப் புரட்டிக்கொண்டு ரூட்டாகவே போய்க்கொண்டிருந்தேன். சோம்பேறித்தனம் என்று அப்போது நினைத்தேன். இப்போது நினைத்துப் பார்த்தால், பெயரில்லாமல் நுழைவது எனக்குப் பிடித்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒன்றரை வருடம் இப்படி ஓடியது. காத்திருக்கும் அப்டேட் பூஜ்யம் என்று திரையில் வரும். அதைப் பார்த்தால் எனக்கே ஒரு சந்தோஷம், மறைக்க மாட்டேன். பிறகு ஒரு பெரிய வேலை வந்தது. நாங்கள் ஓட்டிக்கொண்டிருந்த பதிப்புக்கு இனிமேல் பாதுகாப்பு அப்டேட் வராது, மொத்தமாக அடுத்த பதிப்புக்குப் போக வேண்டும். அவர் பிரின்சிபாலுக்குக் கடிதம் எழுதினார். அது அந்த மேசையில் நாலு மாதம் கிடந்தது. கடைசியில் கையெழுத்தாகி வந்தபோது அதில் ஒரே ஒரு தேதி இருந்தது. ஒரு சனிக்கிழமை. அதற்கடுத்த திங்கட்கிழமை பெற்றோர் கூட்டம். அன்று வருகைப்பதிவையும் மதிப்பெண்ணையும் அச்செடுத்துப் பெற்றோர் கையில் கொடுக்க வேண்டும்.

"வேற தேதி கேட்டுப் பாக்கலாமா மேடம்?"

"இன்னும் நாலு மாசம் போகுங்க சார். சனிக்கெழம முடிஞ்சிரும். ஞாயித்துக்கெழம ஒரு நாளு கையில இருக்கு. டெஸ்க்டாப்புல ரெண்டு தடவ செஞ்சு பாத்துட்டேன்."

செய்துதான் பார்த்திருந்தார். இப்படிப்பட்ட பெரிய அப்டேட்டுக்கு முன்னால் ஒன்று முக்கியமாகப் பார்க்க வேண்டும். எந்தப் பேக்கேஜையாவது யாராவது நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்று. ஹோல்ட் என்று ஒரு கட்டளை உண்டு. அதைப் போட்டால் அந்தப் பேக்கேஜ் இருந்த இடத்திலேயே நிற்கும், சுற்றியிருப்பதெல்லாம் நகர்ந்தாலும் அது நகராது. செவ்வாய்க்கிழமை அவர் அதைப் பார்த்து, "ஹோல்ட் எதுவும் இல்லை" என்று நோட்டில் எழுதி, யார் என்ற கட்டத்தில் தன் பெயரையும் எழுதினார். வெள்ளிக்கிழமை கம்பைநல்லூரில் அவருடைய சித்தி மகளுக்கு நிக்காஹ். ஒரு நாள் விடுப்பு எடுத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு அந்த மேடம் ஏதோ பெருசா பண்றாங்களாமே?"

"ஆமாங்க சார். நீங்கதான் கையெழுத்து..."

"நூறு பேப்பர்ல போட்றேன். திங்கக்கெழம தாளாளர் உக்காந்திருப்பார். மார்க்கு வரலைன்னா அந்தம்மாவ கேக்க மாட்டேன், உங்களத்தான் கேப்பேன். போன தடவ ஞாபகம் இருக்கில்ல?"

இருந்தது. பணியாளர் அறைக்கு நடுவில் நின்றது, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டே வேடிக்கை பார்த்தவர்களின் முகம், எல்லாம் ஞாபகம் இருந்தது. என் வாய் தானாகச் சொன்னது.

"மார்க்கு இருக்கறத மட்டும் பூட்டி வெச்சிடறங்க சார். மத்தது என்ன ஆனாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது."

"அதச் செய்யுங்க மொதல்ல."

அறைக்குப் போய், காலண்டரைப் புரட்டி, ரூட்டாக நுழைந்து, டேட்டாபேஸுக்கும் அதோடு சேர்ந்த இன்னொன்றுக்கும் ஹோல்ட் போட்டேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. நோட்டு மேசைமேல்தான் இருந்தது. எழுதவில்லை. அவருக்குப் போன் செய்திருக்கலாம், கல்யாண வீட்டில் இருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. போன் செய்தால், "ஏங்க சார், அதுல அர்த்தமே இல்லீங்களே" என்று இரண்டு வரியில் என்னை முட்டாளாக்கிவிடுவார். சரியானதைச் சொல்லி முட்டாளாக்குவார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை காலை நான் வாய் திறந்திருக்கலாம். அவர் கல்யாண வீட்டு இனிப்பு ஒரு டப்பா கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். அதைத் தின்றுகொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் தன் பெயரில் உள்ளே போய் வேலையை ஆரம்பித்தார். நூற்றுக்கணக்கான வரிகள் ஓடின. புதிதாக்கப் போவது இத்தனை, நீக்கப் போவது இத்தனை என்று ஒரு பட்டியல் காட்டி, சரியா என்று கேட்டது. டெஸ்க்டாப்பில் இரண்டு முறை பார்த்த அதே பட்டியல்தானே என்று ஆம் என்றார். அதே பட்டியல் இல்லை. நான் இரண்டு பேக்கேஜின் காலைக் கட்டிப் போட்டிருந்ததால், அவற்றோடு ஒத்துப்போக முடியாத துணைப் பேக்கேஜ்கள் நீக்கும் பட்டியலில் ஏறியிருந்தன.

மூன்று மணிக்கு எல்லாம் முடிந்தது. மதிப்பெண் பக்கத்தைத் திறந்தார். வெள்ளை.

அவர் பதறவில்லை. ஒரு கட்டளை அடித்தார். நிறுத்தி வைத்தவை என்று இரண்டு பெயர் திரையில் வந்தன. நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சார், செவ்வாக்கெழம இது இல்லீங்க சார். நான் பாத்தேன். நோட்டுல எழுதியிருக்கேன்."

"அப்பிடீங்களா?" என்றேன்.

"யாராச்சும் உள்ள வந்தாங்களா நேத்து?"

"தெரியலீங்களே மேடம்."

வாயில் அவர் கொடுத்த மைசூர்பாகு இன்னும் கரைந்து முடியவில்லை. அந்த ஒரு வார்த்தையோடு நான் எழுந்து, வீட்டில் விசேஷம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். வீட்டில் ஒரு விசேஷமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் டிவி முன்னால் படுத்திருந்தேன்.

அவர் ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். ஹோல்டை எடுத்து, விட்டுப்போனதையெல்லாம் திரும்பப் போட்டு முடித்துவிட்டார். ஆனால் பாதியில் நின்ற டேட்டாபேஸை நம்ப முடியாது, பேக்கப்பிலிருந்து ஏற்றிவிடுவதுதான் பத்திரம் என்று நினைத்தார். சரியான முடிவு. பேக்கப் டிஸ்க் பிரின்சிபால் அறை பீரோவில் இருந்தது. சாவி பிரின்சிபாலிடம். பிரின்சிபால் ஒரு கல்யாணத்துக்காகத் திருச்செங்கோட்டில். திங்கட்கிழமை பத்தரை மணிக்குத்தான் வந்தார். பக்கம் திறந்தபோது மணி பன்னிரண்டு.

அதற்குள் பெற்றோர் வந்து குவிந்துவிட்டார்கள். சித்தேரி மலையிலிருந்து முதல் பஸ் பிடித்து இறங்கி வந்தவர்கள், ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள், வராண்டாவிலும் புளியமரத்தடியிலும் உட்கார்ந்திருந்தார்கள். "பையன் காலேஜிக்கு வரானா இல்லியான்னு சொல்றதுக்கு ஒரு காயிதம் தர இத்தன நேரங்களா?" என்று ஒருவர் தாளாளர் முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டார். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் தாளாளர் முகம் கறுத்துவிட்டது. எங்கள் கல்லூரியில் தாளாளர் முகம் கறுத்தால், அதற்கு ஒரு ஆள் காட்டியாக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. அப்டேட் நேரத்தில்தான் வைத்தார்கள், தெரிந்து வைத்ததல்ல. பிரின்சிபால் அறையில் பிரின்சிபால், மேடம், நான், ஆபீஸ் சூப்பிரண்டெண்ட். மெஷினின் பதிவேட்டை அச்செடுத்து மேசையில் வைத்திருந்தார்கள். அச்செடுத்துக் கொடுத்தது நான்தான். சனிக்கிழமை, நேரம், நூற்றுக்கணக்கான பேக்கேஜ், கேட்டவர் என்ற இடத்தில் அவர் பெயர். ஹோல்ட் போட்டது அந்தப் பதிவேட்டில் வரவே வராது. அதன் வழக்கம் அப்படி. போட்டது, புதிதாக்கியது, நீக்கியது எல்லாம் பெயரோடு எழுதிக்கொள்ளும். தடுத்து நிறுத்தியதை மட்டும் எழுதாது.

"இதுல உங்க பேருதானே இருக்கு மேடம்?" என்றார் பிரின்சிபால்.

"ஆமாங்க சார், நான்தான் செஞ்சேன். ஆனா நடுவுல யாரோ ஹோல்ட் போட்டிருக்காங்க. வெள்ளிக்கெழம ரூட் உள்ள வந்து போனது மெஷின்ல தெரியுதுங்க, அது வழியாத்தான் போட்டிருக்காங்க."

"ரூட்டுன்னா யாரு?"

"பாஸ்வேர்டு தெரிஞ்ச யாரா வேணாலும் இருக்கலாங்க சார்."

"யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுங்க. சாருக்குத் தெரியும். காலண்டரப் பொரட்டிப் பாத்த எல்லாருக்கும் தெரியும்."

சூப்பிரண்டெண்ட் சிரித்துவிட்டார். பிரின்சிபால் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். "பூட்டி வெச்சிடறங்க சார்" என்று நான் சொன்ன வார்த்தை அவருக்கு ஞாபகம் வந்தது, அவர் முகத்தில் அது வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஹோல்ட் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. பூட்டு என்றால் தெரியும். ஒரு நிமிடம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் சொல்லியிருந்தால் நான் ஒப்புக்கொண்டிருப்பேன். நான் சொல்லியிருந்தால் அவரும் தலையாட்டியிருக்க வேண்டியிருக்கும். பிறகு அவர் அந்தக் காகிதத்துக்குப் பார்வையை இறக்கிக்கொண்டு கேட்டார்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"பாக்கணுங்க சார்" என்றேன்.

எங்கள் அலுவலகங்களில் இதைவிடக் கேவலமான வார்த்தை கிடையாது. ஆமாம் என்றும் ஆகாது, இல்லை என்றும் ஆகாது. பொய் சொன்னான் என்று யாரும் பிடிக்க முடியாது. யாரும் எதையும் பார்க்கவும் மாட்டார்கள். அதைச் சொல்லிச் சொல்லியே நான் இருபது வருடம் இந்த வேலையில் காலம் தள்ளியிருக்கிறேன்.

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. பரீட்சை அறையில் பக்கத்துப் பையன் எழுதி முடிக்கட்டும் என்று காத்திருப்பவர் மாதிரி பொறுமையாகப் பார்த்தார். நான் மேசைமேல் இருந்த கண்ணாடிக் குண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவரை வேலையை விட்டு நீக்கவில்லை. எங்கள் கல்லூரி யாரையும் நீக்காது, ரொம்ப கௌரவமான இடம். "சொந்தக் காரணங்களுக்காக" என்று கடிதம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தார். சேரும்போது வாங்கி வைத்த அசல் சான்றிதழ்களைக் கேட்டார். கல்வியாண்டு முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அதற்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது. அந்த ஆறு மாதமும் அவர் வேறெங்கும் நல்ல வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. அதுவும் எனக்குத் தெரியும். அந்தச் சான்றிதழ்களைப் பூட்டி வைத்திருந்த பீரோ இருந்த அறைக்கு நான் தினமும் போய் வந்துகொண்டுதான் இருந்தேன்.

கடைசி நாள் சர்வர் அறையில் எல்லாவற்றையும் என்னிடம் ஒப்படைத்தார். டெஸ்க்டாப், வயர்கள், நோட்டு.

"செவ்வாக்கெழம மட்டும் வுட்றாதீங்க சார்" என்றார்.

அவர் போன பிறகு நோட்டைத் திறந்தேன். கடைசிப் பக்கத்தில் வெள்ளிக்கிழமைத் தேதி போட்டு ஒரு வரி. பேக்கேஜ் என்ற இடத்தில் அந்த இரண்டு பெயர். என்ன செய்தது என்ற இடத்தில் "ஹோல்ட்". யார் என்ற கட்டம் காலி. அதற்கு அடுத்த வரியில், ஞாயிற்றுக்கிழமை, "ஹோல்ட் நீக்கம்", யார் என்ற கட்டத்தில் அவர் பெயர். அழகான கையெழுத்து, நடுக்கமே இல்லை. தெரியவில்லை என்று எழுதியிருக்கலாம். கேள்விக்குறி போட்டிருக்கலாம். ஒன்றும் போடாமல் விட்டிருந்தார்.

அன்றிலிருந்து ஒரு செவ்வாய்க்கிழமைகூட நான் தவறவிடவில்லை. ஒழுங்கு வந்துவிட்டது என்று பெருமைப்பட ஒன்றுமில்லை. பயம்தான், வேறு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. டெஸ்க்டாப்பில் போட்டுப் பார்க்கிறேன், இரண்டு நாள் விடுகிறேன், சர்வரில் போடுகிறேன், எழுதுகிறேன், என் பெயரைப் போடுகிறேன். பக்கம் பக்கமாக என் பெயர். அந்த ஒரு பக்கத்தை மட்டும் இரண்டு விரலால் சேர்த்துப் பிடித்துத் தாண்டிவிடுவேன்.

போன மாசியில் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. பஸ்ஸில் பொம்மிடிக்குப் போய் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தேன். எதிர்ப் பிளாட்பாரத்தில் சேலம் பக்கம் போகிற பாசஞ்சருக்கு நின்றிருந்த கூட்டத்தில் அவர் நின்றிருந்தார். நான் கவனிக்காத மாதிரி நகர்ந்திருப்பேன். அவர் பார்த்துவிட்டார். படியேறி இறங்கி என் பக்கமே வந்துவிட்டார். கொஞ்சம் இளைத்திருந்தார். தோளில் டிபன் பை.

"நல்லாருக்கீங்களா சார்?"

"இருக்கங்க மேடம். அப்பா?"

"போயிட்டாருங்க. வருசம் ஒண்ணு ஆச்சு."

எங்கே வேலை என்று கேட்டேன். சேலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுவதாகச் சொன்னார். பெங்களூருக்குத் திரும்பப் போகவில்லையா என்றேன். இத்தனை நாள் இடைவெளி விழுந்தால் அந்தத் துறையில் கூப்பிட மாட்டார்கள் என்றார். குறையாகச் சொல்லவில்லை, ரயில் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி சொன்னார். நூற்றுக்கணக்கான சர்வர்களைப் பார்த்த கை, வேட்டிக்கும் துண்டுக்கும் பில் போட்டுக்கொண்டிருக்கிறது.

"அப்டேட் போட்றீங்களா சார்?"

"செவ்வாக்கெழம தவறாம போட்றங்க."

"நோட்டு?"

"எழுதறங்க."

தூரத்தில் பாசஞ்சரின் சத்தம் கேட்டது. அவர் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"ஒரு கட்டம் காலியா வுட்டிருந்தேனே. பாத்தீங்களா?"

"பாத்தங்க."

"ரெண்டு பேருக்குத்தான் அந்த ரூம் சாவி சார். நான் நிக்காஹ்வுல இருந்தேன். அன்னிக்கே தெரியும் எனக்கு. நான் சொன்னா அங்க யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன். சொல்லலைன்னாலும் எழுதுவீங்கன்னு வுட்டேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் வாயில் வந்த வார்த்தை "பாக்கணுங்க" என்பதுதான். நல்லவேளையாக ரயில் சத்தத்தில் அது அவருக்குக் கேட்கவில்லை. அவர் தலையசைத்துவிட்டுப் படியேறி ஓடினார்.

சென்னையிலிருந்து திரும்பியதும் வந்த முதல் செவ்வாய்க்கிழமை, அப்டேட் போடும் முன் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினேன். கட்டம் சின்னதுதான், என் பெயர் தாராளமாக அடங்கும். அப்போது நூலகத்தில் யாரோ என்னைக் கூப்பிட்டார்கள், பிரிண்டரில் பேப்பர் சிக்கிவிட்டதாம். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போனேன். அதற்குப் பிறகு எத்தனையோ செவ்வாய்க்கிழமைகள் வந்துவிட்டன.

இதையெல்லாம் எழுதினால் பாரம் குறையும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். எழுதி முடித்துவிட்டு மேலிருந்து கீழே ஒருமுறை படித்துப் பார்த்தேன். அவர் பெயரை எழுதவில்லை, அவரைக் கேட்காமல் எழுதுவது முறையல்ல என்பதால். என் பெயரையும் எங்கேயும் எழுதவில்லை.